மூணுகிளி மிட்டாயின் காது

ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்தால் பகவதி முதலில் அதன் காதைத்தான் பார்ப்பாள். தாளை முறுக்கியபின் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிறதே, அதற்கு மிட்டாய்க் கம்பெனியில் காது என்று பேர். பதினெட்டு வயதில் அஞ்சுகிராமத்து மூணுகிளி மிட்டாய்க் கம்பெனியில் முறுக்க உட்கார்ந்தவள், நாற்பத்தொன்று வரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். காதைப் பார்த்தே இது யார் முறுக்கியது என்று சொல்லிவிடுவாள். பெபிஷாவுடையது ஒன்றரைச் சுற்று, இறுக்கம் அதிகம், பிரிக்கும்போது தாள் கிழியும். ஜாஸ்மி அவசரக்காரி. ஒரே சுற்று. வண்டி நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அவிழ்ந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை காலை முதலாளி வைகுண்டராஜன் அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவையும் சாத்தி, மேஜைமேல் மூன்று மிட்டாய்களை வைத்தார். பகவதியின் கண் நேராகக் காதுக்குப் போனது.

"இது என்னதுன்னு சொல்லு பாப்போம்."

"நம்ம மிட்டாயி அண்ணாச்சி."

"நம்ம மிட்டாயா? நல்லாப் பாரு. நாம முறுக்குத் தாளு போடுதது நிறுத்தி நாலு வருசம் ஆச்சு. இது பத்மநாபபுரம் அரண்மனைக்கு முன்னால ஒரு கடையில வாங்குனது. என் மச்சினன் கொண்டாந்தான். பாட்டில் நிறைய இருக்காம்."

மஞ்சள் தாள், அதில் மூன்று பச்சைக் கிளிகள். பழைய தாளேதான். மெஷின் வந்த பிறகு மிட்டாய்கள் பிளாஸ்டிக் உறைக்குள் தலையணை மாதிரி ஒட்டி வருகின்றன. உறையில் தேதியும் நம்பரும் அடித்திருக்கும். மேஜையில் கிடந்த மூன்றிலும் தேதியில்லை.

"பழைய தாள எரிக்கச் சொன்னேனே. எரிச்சியா?"

"எரிச்சாச்சு அண்ணாச்சி."

நாலு வருஷத்துக்கு முன்பு சொன்ன அதே பொய். அன்றைக்கு எளிதாக வந்தது. இன்றைக்கு முதலாளியைப் பார்க்காமல் மிட்டாயைப் பார்த்தே சொன்னாள்.

"அப்போ எவனோ புதுசா அச்சடிச்சிருக்கான். டூப்ளிகேட்டு." வைகுண்டராஜன் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து பாகு மணத்தில் வளர்ந்தவர் அவர். "சுக்கு கம்மி. கருப்பட்டியும் நம்ம கருப்பட்டி இல்ல. நம்ம சரக்கு நாக்குல போட்டதும் தொண்டையப் பிடிக்கும். இது பிடிக்கலியே. நீயும் தின்னு பாரு."

பகவதியும் தின்றாள். சுக்கு கம்மியாகத்தான் இருந்தது. கடவுளே, எந்தப் பாவி செய்கிறானோ என்று அவளுக்கும் கோபம் வந்தது.

"கேட்டுக்கோ. மிட்டாயோட அளவு அப்பிடியே நம்மளது. முறுக்கு நம்மளது. வெளிய உள்ளவனுக்கு இது வராது. உள்ள இருக்கவளுவள்ல ஒருத்தி போய்ச் செஞ்சு குடுக்கா. தேதி இல்லாத சரக்கத் தின்னு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வயித்துக்கு ஆகாமப் போச்சுன்னு வையி, ஆபீசர் நம்ம வாசல்லதான் வந்து நிப்பான். ஒனக்கு எல்லாவளோட கையும் தெரியும். சனிக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லன்னா பதினோரு பேரையும் நிறுத்திட்டு வெளியூர்ல இருந்து ஆள் எடுக்கேன்."

வெளியே வந்து குடோன் வாசலில் நின்றாள். சாவி இடுப்பில் இருந்தது. மெஷின் வந்தபோது முறுக்குகிற பெண்களில் எட்டுப் பேரை அனுப்பிவிட்டு, மீதிப் பேரைப் பாட்டிலில் அடைக்கவும் லேபிள் ஒட்டவும் வைத்துக்கொண்டார்கள். பகவதிக்குக் குடோன் சாவி கிடைத்தது. கணவன் இல்லாத வீட்டில் மகளை நர்சிங் படிக்கவைப்பது அந்தச் சாவிதான். இப்போது அந்தச் சாவியே அவளைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

மூணுகிளி ஒன்றும் பெரிய கம்பெனி கிடையாது. வைகுண்டராஜனின் அப்பா ஒரு இரும்புச் சட்டியும் ஒரு கருங்கல் பலகையும் வைத்து ஆரம்பித்தது. கருப்பட்டிப் பாகில் சுக்குப்பொடியைப் போட்டு, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, கைபொறுக்கும் சூட்டில் கயிறாக இழுத்து, கத்தரிக்கோலால் வெட்டுவார். பேப்பர் துண்டில் பொதிந்து நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் விற்றார். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு அது மருந்து. திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வாயில் ஒன்று, மடியில் நாலு என்று வாங்கிப் போனார்கள். பிறகு மஞ்சள் தாள் வந்தது. கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டில் மூணுகிளி வைக்க ஆரம்பித்தார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பெட்டியிலும் ஏறியது. இருபது பெண்கள் நீள மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து முறுக்கிய காலம் அது. பேச்சு, பாட்டு, சண்டை எல்லாம் உண்டு. கை மட்டும் நிற்காது. அப்புறம்தான் மெஷின்.

அந்த மேஜையில் பகவதிக்கு நேர் எதிரே இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்தவள் நேசம்மாள். ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துப் பார்த்தே இருவர் கையும் ஒன்றாகிவிட்டது. இரண்டு சுற்று, கடைசியில் கட்டைவிரலால் ஒரு காதை மட்டும் லேசாக நிமிர்த்திவிடுவது. வேறு யாருக்கும் அது கிடையாது. முதலாளியின் மேஜையில் இருந்த மூன்று மிட்டாய்க்கும் ஒரு காது நிமிர்ந்திருந்தது.

பகவதி முறுக்கவில்லை. அப்படியானால் நேசம்மாள். வேலைபோன பிறகு நேசம்மாள் பிறந்த ஊரான சிதறாலுக்கே போய்விட்டாள். போகிற அந்த டிசம்பரில் குடோனில் வந்து நின்று, "ஏட்டி, அந்தத் தாள எரிக்கதுக்குப் பதிலா எனக்குத் தா. சர்ச்சுல கிறிஸ்மஸுக்குத் தாள்மாலை கட்டலாம். கிளி நல்லா இருக்கும்லா" என்று கேட்டாள். வேலையை விட்டுப் போகிறவள் கேட்டது அது ஒன்றுதான். பகவதி ஒரு சாக்கு நிறைய வெட்டின தாளைக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். முதலாளியிடம் எரித்தாயிற்று என்றாள்.

எல்லாம் தெரிந்தும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. நேசம்மாள் செய்வாளா? அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வேறு ஒருத்தி செய்திருக்கலாமே? இருக்கிறவர்களில் ஒருத்தியாக இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

வியாழக்கிழமை மேஜையில் வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் வைத்தாள்.

"எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பழைய மாதிரி கையால முறுக்கின மிட்டாயி வேணுங்கா. ஆளுக்குப் பத்து முறுக்கித் தாங்கட்டி."

"எந்த அண்ணன்?" என்றாள் ஜாஸ்மி. "போன மாசந்தான ஒரு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுது?"

"அது பெரியவ. இது இளையவ."

"ஒரே மாசத்துல ரெண்டா? ஒங்க அண்ணன் பெரிய ஆளுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பெபிஷா மட்டும் சிரிக்கவில்லை. பத்தையும் முறுக்கி நீட்டும்போது பகவதியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை பகவதிக்குப் பிடிக்கவில்லை. இவள் எதுக்கு இப்படிப் பார்க்கிறாள்? தினமும் ஒரு கட்டைப்பையை வேறு தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். வரும்போதும் நிறைய, போகும்போதும் நிறைய. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு?

மத்தியானம் எல்லோரும் கை கழுவப் போன நேரம் பகவதி அந்தப் பையைத் திறந்தாள். நைட்டித் துணிகள். ஓரம் மடித்துத் தைக்க அக்கம்பக்கத்தில் வாங்கியவை. பாதி தைத்தது, பாதி தைக்காதது, நடுவில் ஒரு டப்பா சோறு. இருந்த மாதிரியே மடித்து வைத்துப் பையை மூடினாள்.

பதினோரு பேரின் மிட்டாயையும் வீட்டில் பரப்பி வைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடக் காது நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நாகர்கோவில், மார்த்தாண்டம், அங்கிருந்து சிதறால். வழியெல்லாம் நேசம்மாளிடம் என்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறியது. நம்பித்தானே தாளைக் கொடுத்தேன்? என் பிழைப்பை நினைத்துப் பார்த்தாளா?

கோவில் மலைக்குப் போகிற பாதையை விட்டு இறங்கினால் ரப்பர் மரங்களுக்கு நடுவே நேசம்மாளின் வீடு. கதவு பாதி திறந்திருந்தது. பகவதி சத்தமில்லாமல் எட்டிப் பார்த்தாள். தரையில் பெரிய தட்டு. அதன் முன்னால் நேசம்மாள். மடியில் மஞ்சள் தாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு சுற்று, கட்டைவிரல், ஒரு காது.

நிழல் விழுந்ததும் நேசம்மாள் பதறிப்போய்த் தட்டின்மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

"ஆரு? ஓ... பகவதியா? வந்தியா? அண்ணாச்சி அனுப்பிச்சாரா?"

"எதுக்கு மூடுக? தொறந்து காட்டு."

"ஒண்ணுமில்லட்டி. இரி. வெள்ளம் குடிக்கியா?"

"வெள்ளம் ஒண்ணும் வேண்டாம்." பகவதி துண்டை இழுத்தாள். "பாவி. எங்கன காய்ச்சுக? எவன் சட்டி? எவன் கல்லு? ஒன்ன நம்பித் தாள் தந்ததுக்கு எனக்க கழுத்துலயே கத்திய வைக்கியே."

நேசம்மாள் அவளை ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் காலடியில் கவிழ்த்தாள். கிழித்த பிளாஸ்டிக் உறைகள் சரசரவென்று கொட்டின. எல்லாம் மூணுகிளி. எல்லாவற்றிலும் தேதி, நம்பர். பகவதி தானே பாட்டிலில் அடைத்து அனுப்பிய சரக்கு.

"காய்ச்சதுக்கு எனக்கு எங்கட்டி சட்டி? இது நீங்க விக்குத மிட்டாயி. ஷாஜன் அவனுக்க கடைக்கு மொத்தமா வாங்குததக் கொண்டுவந்து தாறான். நான் பிரிச்சு, பழைய தாள்ல முறுக்கிக் குடுக்கேன். அம்புட்டுதான்."

ஷாஜன் அவள் தங்கை மகன். அரண்மனைக்கு முன்னால் கடை வைத்திருப்பவன்.

"எதுக்கு? நல்லா ஒட்டி வாறத எதுக்குப் பிரிக்கணும்?"

"ஆளுவ வாங்கல்லட்டி. பழைய ஆளுவ வந்து கிளி மிட்டாயி இருக்கான்னு கேக்காவ. உறையில உள்ளத எடுத்து நீட்டுனா, இது டூப்ளிகேட்டு, கிளி மிட்டாயிக்குக் காது இருக்கும்னு சொல்லிப் போயிருதாவ. அவன் எங்கிட்ட வந்து வருத்தப்பட்டான். வீட்டுலதான் தாள் கெடக்கே, ஒரு பாட்டில் முறுக்கிப் பாப்போம்னு முறுக்கினேன். ரெண்டு நாள்ல தீந்துபோச்சு. அவன் எனக்குக் கூலி தாறான். நாலு வருசமா எனக்க கைக்கு ஒரு வேல இல்லாம இருந்துது பகவதி. ஒறக்கத்துல எனக்க விரல் தானா முறுக்கும்னு எனக்க மருமகன் சொல்லிச் சிரிப்பான்."

பகவதி கீழே உட்கார்ந்துவிட்டாள். தட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். தொண்டையைப் பிடித்தது. முதலாளி அறையில் சுக்கு கம்மி என்று தின்றதும் இதேதானே! இரண்டு பேருமாகச் சேர்ந்து தங்கள் சரக்கையே தின்றுவிட்டு, கள்ளச்சரக்கு என்று முகம் சுளித்திருக்கிறார்கள்.

நடந்ததெல்லாம் சொன்னாள். சனிக்கிழமைக் கெடு, பதினோரு பேர், சாவி. நேசம்மாள் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"எனக்க பேரச் சொல்லிரு. எனக்கு அந்த வாசல்ல என்ன போச்சு? ஒனக்க பேரச் சொல்லாத. தாள் நான் களவெடுத்துட்டுப் போனதா இருக்கட்டு."

"ஒன்னக் கள்ளியாக்கிட்டு நான் சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரியவா?"

"பின்ன மொவளுக்க படிப்பு?"

பகவதி துண்டை எடுத்துத் தட்டை மூடிவிட்டு பஸ்ஸுக்கு எழுந்தாள்.

சனிக்கிழமை காலை வைகுண்டராஜன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தாளை எரிக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னாள். அதைச் சொன்னபிறகு மற்றது எளிதாக வந்தது. அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் கூட்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"நம்ம மிட்டாயத்தான் நான் தின்னேன்னு சொல்லுத. எனக்கு எங்க அப்பா காய்ச்சின சரக்கு தெரியாதா? நல்லாக் கத கட்டுத."

"வந்து பாருங்க. நீங்களே கேளுங்க."

"சாவிய வையி."

வைத்தாள். இடுப்பு காலியாக இருந்தது.

பத்து மணிக்கு அவருடைய காரில் அரண்மனைக்குப் போனார்கள். கடையிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லி, பகவதியைக் காருக்குள்ளேயே இருக்க வைத்துவிட்டு இறங்கினார். கடை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டாள். பேச்சும் கேட்டது. ஷாஜன் முதலாளியை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"மூணுகிளி இருக்கா?"

"இருக்கே அண்ணாச்சி. எத்தன வேணும்?"

அங்கே ஒரு பாட்டிலில் உறை மிட்டாய், இன்னொன்றில் காது மிட்டாய். முதலாளி வேண்டுமென்றே பிளாஸ்டிக் உறைப் பாட்டிலைக் காட்டினார்.

"இதுல அம்பது தா."

ஷாஜன் அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அது வேண்டாம் அண்ணாச்சி. அது டூப்ளிகேட்டு."

"என்னது?"

"ஆளுவ அப்பிடித்தான் சொல்லுதாவ. மெஷின் வச்சு எவனோ அடிக்கான்னு. கம்பெனிக்காரன் தாறான், நானும் வாங்கி வைக்கேன், என்ன செய்ய? நீங்க வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா இத எடுங்க. இதுதான் ஒரிஜினல். காது பாருங்க."

பகவதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. வைகுண்டராஜன் அசையாமல் நின்றார். அவர் பிடரி சிவந்துபோயிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைசியில்.

"எப்பிடி ஒண்ணாவும்? நீங்க ரெண்டையும் தின்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் உறை மிட்டாயைத் தின்றார். நிதானமாக, கடைசிவரை. அப்புறம் காது மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். உண்மை தெரிந்த பிறகும் அந்த நாக்கு என்ன சொல்லியதோ, அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இதுல... சுக்கு கொஞ்சம் கூடுதல் மாதிரி இருக்கு."

"பாத்தியளா!" என்றான் ஷாஜன்.

திரும்பி வரும்போது தக்கலை தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "நேசம்மாள் ஒரு நாளைக்கு எத்தன கிலோ முறுக்குவா?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்குதிய?" என்றாள் பகவதி. கேஸ் போடத்தான் கேட்கிறார் என்று பட்டது.

"தேதி அடிச்ச முறுக்குத் தாளு கிடைக்குமான்னு பாக்கணும். அதுக்குத்தான். அவகிட்ட சொல்லிரு, பழைய தாள இனிமே தொடக் கூடாது. மீதி இருக்கத நான் ஆள் விட்டு எடுக்கேன்." கொஞ்சம் விட்டு, "ஒங்கிட்ட எரிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"என்ன வேலய விட்டு அனுப்புதியளா?"

"குடோன் சாவி இனி எங்கிட்ட இருக்கும். நீ மத்தவங்களோட மேஜையில இரு."

கூலி குறையும். மகள் படிப்புக்கு வேறு வழி பார்க்கவேண்டும். ஆனால் வேலை இருக்கிறது. பகவதி மூச்சை விட்டாள்.

கம்பெனியில் பதினோரு பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பழைய தாள் விஷயமும் கெடுவும் எப்படியோ கசிந்திருந்தன. வைகுண்டராஜன் கதவருகே நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "டூப்ளிகேட்டு ஒண்ணும் இல்ல. நம்ம சரக்குதான். ஒங்கள்ல யாரும் ஒண்ணும் செய்யல" என்றார்.

"அப்போ நாங்க கள்ளிய இல்லன்னு சொல்லுதியளா அண்ணாச்சி?" என்றாள் ஜாஸ்மி.

"இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

பகவதி அவர்கள் முன்னால் தனியாக நின்றாள். அப்படியே விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒங்க கையப் பாக்கத்தான் முறுக்கச் சொன்னேன். நானும் ஒங்களச் சந்தேகப்பட்டேன். பெபிஷா, ஒனக்க பையத் தொறந்து பாத்தேன். தாள வெளிய குடுத்தது நான்தான்."

பெபிஷா ஒரு லேபிளை எடுத்து, பாட்டிலில் ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தாள்.

"தெரியும்க்கா. குடோன் சாவி வேற யாருகிட்ட இருந்துது? நாங்க பதினோரு பேரும் புதன்கிழமையில இருந்தே ஒங்களத்தான் சந்தேகப்பட்டோம்."

பகவதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ஜாஸ்மி தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க, வந்து இங்கன இரிங்க. இனி எங்க கண்ணுல பட்டுட்டே இருக்கணும், சொல்லிட்டேன்."

பகவதி போய் அவளுக்கும் பெபிஷாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு காலிப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள்.